ஒரு துணைக்கால்

“அப்ப, அங்கனான்னா பொம்பளைன்னு அர்த்தமாக்கும்?”

“நான் சொல்லலக்கா. அகராதி சொல்லுது. தேடிப் பாத்துட்டேன்.”

“எந்த ஊரு அகராதிலே அது?”

“எந்த ஊரா இருந்தா என்ன? மூணு கோடி பேரு கேட்டாச்சு. வாசுதேவநல்லூருல ஒரு பிள்ளைக்கு அங்கனாஸ்ரீன்னு பேரே வச்சிட்டாவ. போன மாசம் அந்தப் பிள்ளைக்குப் பேரு வச்ச விசேச வீடியோவுக்கு வாய்ஸ் குடுத்தது யாரு? நீங்கதான். ‘செல்வி அங்கனாஸ்ரீயை வாழ்த்த வாரீர் வாரீர்’னு ரெண்டு வாட்டி சொன்னிய.”

எப்சிபா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டாள். போட்ட வேகத்தில் அது சறுக்கிக்கொண்டு போய் மைக் ஸ்டாண்டில் முட்டி நின்றது. முத்துச்செல்வம் பதறிப்போய் அதை எடுத்து வேட்டித் தலைப்பால் துடைத்தான்.

“கோவத்த அவன்மேல காட்டுங்கக்கா. இது தவணையில வாங்குனது.”

தென்காசிப் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறைதான் முத்துச்செல்வத்தின் ஸ்டுடியோ. ஆட்டோவில் குழாய் கட்டி ஊர் சுற்றும் விளம்பரங்கள் அங்கேதான் பதிவாகும். பதினோரு வருசமாக அவற்றுக்குக் குரல் எப்சிபா. ஆடித் தள்ளுபடியும் அவள்தான், இலவசக் கண் சிகிச்சை முகாமும் அவள்தான், ‘இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்’ என்பதும் அவள்தான். காலையில் செத்தவருக்கும் சாயங்காலம் விற்கிற சேலைக்கும் ஒரே தொண்டை. அந்தக் குரலைக் கேட்காத காது தென்காசியில் கிடையாது. ஆனால் கடைவீதியில் அவள் நடந்து போனால் திரும்பிப் பார்க்க ஆள் கிடையாது.

“ரெண்டையும் இன்னொரு தடவ போடு” என்றாள். “மொதல்ல அந்தப் பய பாடுனது.”

முதலில் புல்லாங்குழல் வந்தது. அப்புறம் மழை. கம்ப்யூட்டரில் செய்த மழை; தாளம் தப்பாமல் பெய்தது. அதற்கு மேல், மூன்று மாதமாக ஊரைக் கலக்குகிற புதுப் பாடகன் புவனேஷின் குரல்:

*அங்கனா நில்லு, அக்கறையாய் நில்லு,*
*என் நெஞ்சு வாசலிலே உண்மையைச் சொல்லு.*

‘நில்லு’வை அவன் விடவே இல்லை. ஜவ்வு மிட்டாய்க்காரன் கையில் அகப்பட்டதுபோல அது நீண்டது, முறுகியது, வாட்சாகியது, மயிலாகியது. நல்ல குரல்தான். அதுதான் எப்சிபாவுக்கு எரிச்சல். மோசமாகப் பாடியிருந்தால் காறித் துப்பிவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். மூன்று நாளாக வீட்டில், புருசன் எபனேசர் குளிக்கும்போது அதைத்தான் முனகுகிறார். “ஏங்க, அது ஒங்க பொண்டாட்டி பாட்டுங்க” என்று கதவைத் தட்டிச் சொன்னதற்கு, “அப்படியா, நல்லாத்தான் இருக்கு” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

“இப்ப ஒங்களது” என்றான் முத்துச்செல்வம்.

கேசட் இரைச்சல். கீபோர்டுக்குள்ளேயே கிடக்கிற ரெடிமேட் தாளம். பிறகு இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, இழுவையும் குழைவும் இல்லாமல், எதிரே நிற்கிற ஆளிடம் பேசுவதுபோலப் பாடினாள்:

*அங்கன நில்லு, அக்கரையில நில்லு,*
*உங்க வீட்டு வாசலுல உண்மையச் சொல்லு.*
*சொன்ன பொறவு ஆத்துத் தண்ணி கணுக்கால் மட்டும்தான்,*
*சொல்லலேன்னா நீச்சல் வந்தும் என்ன செய்வ நீ?*

இங்கே ‘நில்லு’ சொன்ன இடத்திலேயே முடிந்தது. தாழ்ப்பாள் விழுவதுபோல.

அங்கன என்றால் அங்கே. அவ்வளவுதான். தென்காசியில் கேன் தண்ணீர் போடுகிறவரிடம் ‘அங்கன வைங்க’ என்று சொல்கிற அதே சொல். அதற்கு ஒரு துணைக்கால் போட்டதும் அது ஏதோ காவியத்திலிருந்து இறங்கி வந்த பெண்ணாகிவிட்டது. அக்கரைக்கு வல்லின றகரம் போட்டதும் ஆறே வற்றிவிட்டது. பெண்ணொருத்தி இக்கரையில் நின்றுகொண்டு, ‘உன் வீட்டில் சொல்லிவிட்டு அப்புறம் ஆற்றைத் தாண்டு’ என்று ஓர் ஆணை நிறுத்தி வைத்த பாட்டு அது. இப்போது ஆணொருத்தன் பெண்ணை நிறுத்தி, ‘நீதான் உண்மையைச் சொல்ல வேண்டும்’ என்று கெஞ்சுகிறான். கூண்டில் நின்ற ஆளை மாற்றிவிட்டார்கள். கடைசி இரண்டு வரிகள் இருந்த இடத்தில் புல்லாங்குழல்.

“செங்கோட்டையில யாரோ பழைய கேசட்ட யூடியூப்ல ஏத்திவிட்டாம்லா, அதுலேர்ந்துதான் சண்டையே” என்றான் முத்துச்செல்வம். “பாதிப் பேரு ‘ஒரிஜினலக் கெடுத்துட்டானுவோ’ங்கான். மீதிப் பேரு...”

“சொல்லு. நானும் வாசிச்சேன்.”

“‘ஒரிஜினல் பாடுன அம்மா சாவுச் செய்தி வாசிக்குது’ங்கான். அவனுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?”

அவள் சிரிக்கவில்லை. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“ஞாயித்துக்கிழம குத்தாலத்துல ஒரு நிகழ்ச்சி வச்சிருக்காவ. ‘ஒரே பாட்டு, ரெண்டு குரல்.’ ஒங்களக் கூப்பிடச் சொல்லி எனக்குத்தான் போன். நீங்க மேடையில ஏறி ஒரே ஒரு வார்த்த சொன்னாப் போதுமாம். ‘நானும் அங்கனான்னுதான் பாடுனேன், கேசட்டு தேஞ்சதால அப்படிக் கேக்குது’ன்னு.”

“சொல்லுதது யாரு?”

“பய சொல்லுதான். அவங்கப்பாவும் பேட்டியில சொல்லிட்டாராம்லா. ‘அங்கனான்னு என் மனைவியத்தான் கூப்பிடுவேன், அவளுக்காக எழுதின பாட்டு’ன்னு.”

எப்சிபா மேஜையில் கிடந்த தாளை எடுத்தாள். அன்றைய வேலை: மேலகரம் பரமேஸ்வரன் அவர்கள், வயது எழுபத்தெட்டு. மைக்கின் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, ஒரே மூச்சில், எங்கேயும் பிசகாமல் அவரை வழியனுப்பி வைத்தாள்.

*

புவனேஷின் அப்பா பெயர் நம்பிராஜன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் அவருக்கு மேலகரத்தில் வயலும், தென்காசியில் ‘நம்பி மெலோடீஸ்’ என்ற இன்னிசைக் குழுவும் இருந்தன. குழுவில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றார்கள். எப்சிபா மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். அவர் அவளை மட்டும் உரிமையோடு ‘ஏட்டி’ என்பார். கோயில் கொடை, கல்யாணம், சர்ச் ஆண்டு விழா என்று வேனில் போய்வந்த இரண்டு வருசத்தில் அது அப்படி ஆகிப்போனது. வேனில் பாட்டு நோட்டு கைமாறும். நோட்டுக்குள்ளே வேறு தாள்களும் கைமாறும்.

அவள் தன் வீட்டில் சொல்லிவிட்டாள். அப்பா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், “மொதல்ல அவன் வீட்டுல ஆளு வரட்டும். பொறவு பாஸ்டரய்யாட்ட பேசிக்கிடலாம்” என்றார். இதை அவள் நம்பிராஜனிடம் சொன்னபோது அவர் முகத்தில் சந்தோசத்துக்கு முன்னால் வேறு ஏதோ ஒன்று வந்து போனது. “சொல்லுதேன், சொல்லுதேன்” என்றார். ஒரு மாதம் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கோபத்தில் அவள் எழுதியதுதான் பாட்டு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடியது சிற்றாறு. உவமைக்கு வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

சீசனுக்கு அருவிக்கரைக் கடைகளில் விற்க ஆறு பாட்டு கொண்ட கேசட் ஒன்று போட்டார்கள். ஆனி நாலாம் தேதி பதிவு. முதல் சாரல் அந்த வாரம்தான் விழுந்திருந்தது. நம்பிராஜனே கீபோர்டு வாசித்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். அவள் அவரைப் பார்த்துத்தான் பாடினாள். முடிந்ததும் அவர் வெளியே வந்து, “ரொம்பக் கடுப்பா இருக்கு ஏட்டி. காதல் பாட்டுன்னு போட்டிருக்கோம்” என்றார். “இது காதல் பாட்டுதான்” என்றாள் அவள். கேசட் உறையில் ‘பாடல், இசை: நம்பி’ என்று இருந்தது. தன் பெயர் வேண்டாமென்று சொன்னவள் அவளேதான். இன்னாருக்கு எழுதியது என்று ஊர் பேசிவிடக்கூடாதே.

ஆடிக் கடைசியில் கல்யாணப் பத்திரிகை வந்தது. பெண் சங்கரேஸ்வரி, ஆய்க்குடி. கேட்டதற்கு நம்பிராஜன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு சொன்னார்: “நிச்சயம்கூட வைக்கல எப்சி. ஒரு வாரத்துல முடிவு பண்ணி நேரா பத்திரிகையே அடிச்சிட்டாவ. நான் என்ன செய்ய?” அன்றைக்குத்தான் அவர் அவளை முதல்முதலாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

கோழை என்று அவரை எழுதிக் கட்டி வைத்துவிட்டு அவள் வேறு வாழ்க்கைக்குப் போனாள். கோழையை மன்னிக்காவிட்டாலும் மறந்துவிடலாம். எபனேசர் நல்ல மனிதர். மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். பாட்டு செத்துப்போய்விட்டது என்றுதான் எப்சிபா நினைத்திருந்தாள். செத்ததை யாரோ தோண்டியெடுத்து, அதற்கு வேறு முகம் ஒட்டி, சட்டை மாட்டி, ஊர் ஊராக ஆட விட்டிருந்தார்கள்.

*

வெள்ளிக்கிழமை புவனேஷ் தானே ஸ்டுடியோவுக்கு வந்தான். இருபத்து நாலு வயது. தலைமுடியைக் கொண்டையாகக் கட்டியிருந்தான். வந்ததும் குனிந்து அவள் காலைத் தொடப் போனான். அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“ஆண்ட்டி, நீங்க ஒரு லெஜண்ட்.”

“ஆண்ட்டி யாரு? நான் ஒங்க அம்மா கூடப் பொறந்தவளா, அப்பா கூடப் பொறந்தவளா?”

“சரி... மேடம்.”

“அதுக்கு ஆண்ட்டியே தேவல.”

முத்துச்செல்வம் டீ வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வாசல் வரை போனான். சண்டையைத் தவறவிட மனசில்லாமல் அங்கேயே நின்றுகொண்டான்.

“பாருங்க ஆண்ட்டி” என்று புவனேஷ் ஆரம்பித்தான். “உங்க வெர்ஷன்ல ஒரு ரா பீல் இருக்கு. நான் மறுக்கல. ஆனா பாட்டு முழுக்கக் கோபம். கோபத்த யாரும் ரிங்டோனா வைக்க மாட்டாங்க. நான் அதுலேர்ந்து காதல மட்டும் எடுத்துக் குடுத்திருக்கேன்.”

“பலாப்பழத்துலேர்ந்து சுளைய எடுத்த மாதிரியா?”

“ஆமா. கரெக்ட்!”

“நீ எடுத்தது சுளையில்லடே. பிசினு.”

வாசலில் முத்துச்செல்வம் இருமினான். புவனேஷின் காது சிவந்தது. அவனுக்கும் கோபம் வரும் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

“அப்ப, நான் பாடாம இருந்திருந்தா உங்க பாட்ட யாரு கேட்டிருப்பா? சொல்லுங்க. இருபத்தாறு வருசத்துல எத்தன பேரு கேட்டாங்க? அந்தச் செங்கோட்டைக்காரன் ஏத்துன வீடியோவையே என் பாட்டத் தேடி வந்தவங்கதான் பாக்கறாங்க.”

அவன் சொன்னது உண்மைதான் என்பதால் அவளுக்குக் கூடுதலாக எரிந்தது.

“எனக்குப் பேரு வேண்டாம்” என்றாள். “எழுதுனது நான்னு நீ சொல்லவும் வேண்டாம். அந்த ஒத்தச் சொல்லு வேணும். அங்கன. அத அங்கனன்னே பாடு. அர்த்தம் தெரியாமப் பாடிட்டேன்னு சொல்லு, போதும். நீ மெட்ராசுல வளந்த பய. காதுல தப்பா விழுந்திருக்கும். அதுல ஒண்ணும் கேவலமில்ல.”

“தப்பா விழலையே.” அவன் போனை எடுத்துத் தேய்த்தான். “எனக்கும் சந்தேகம் வந்துச்சு. பாடுறதுக்கு முன்னாடியே அப்பாகிட்ட கேட்டேன். அவர்தான் எழுதிக் குடுத்தாரு. இந்தாங்க.”

ஒரு தாளைப் பிடித்த படம். அவளுக்குப் பழக்கமான கையெழுத்து. வேனில் நோட்டுக்குள் வந்த கையெழுத்து. முதலில் ‘அங்கன’ என்றுதான் எழுதியிருந்தது. பிறகு, வேறு மையில், ஒரு துணைக்கால் நெருக்கிப் போடப்பட்டிருந்தது. அந்தச் சொல்லுக்கும் அடுத்த ‘நில்லு’வுக்கும் நடுவே இடம் போதாமல் அந்தக் கால் சாய்ந்து நின்றது. கீழே கடைசி இரண்டு வரிகள் ஒரே கோட்டில் அடிக்கப்பட்டிருந்தன.

எப்சிபா அந்தப் படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தாள். பையனுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து இத்தனை நாளும் அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். பையனுக்குக் காது நன்றாகவே கேட்டிருக்கிறது.

“ஞாயித்துக்கிழம எத்தன மணிக்கு?” என்றாள்.

“மூணு மணிக்கு. வருவீங்களா? அந்த ஒரு சென்டென்ஸ் சொல்லிருவீங்கல்ல?”

“வாரேன்.”

*

ஐந்தருவி ரோட்டில் புதிதாகக் கட்டிய விடுதியொன்றின் கூடத்தில் நிகழ்ச்சி. சீசன் உச்சத்தில் இருந்தது. குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்தவர்கள், தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு இனிமேல்தான் குளிக்கப் போகிறவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள், பாட்டுக்காக வந்த காலேஜ் பிள்ளைகள் என்று கூடம் பிதுங்கியது. நாலு கேமரா. மேடைத் தரையில் யார் யார் எங்கே நிற்க வேண்டுமென்று வெள்ளை டேப்பில் பெருக்கல் குறிகள் ஒட்டியிருந்தார்கள். நடுவில் இரண்டு, வலது ஓரத்தில் ஒன்று. ஓரத்தில் ஒட்டியது எப்சிபாவுக்கு.

முன்வரிசையில் அரக்குப் பட்டில் சங்கரேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். ஒரு கேமரா அவளுக்கென்றே இருந்தது.

முதலில் கேசட் ஒலித்தது. பெரிய ஸ்பீக்கரில் அந்த இரைச்சல் பக்கத்து அருவியைப் போலவே இருந்தது. கூட்டம் மரியாதைக்குக் கேட்டது. பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். அடுத்து புவனேஷ் நேரில் பாடினான். ‘அங்கனா’ என்று அவன் தொடங்கியதும் கூடமே சேர்ந்து பாடியது. எண்ணெய்த் தலைகள் ஆடின. ஒரு கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்கள். அதன் பெயரும் அதுவாக இருக்கலாம். எப்சிபா ஓரத்துக் குறியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். மூன்று கோடி என்பது எவ்வளவு பெரிய எண் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் சொல்லப் போவதை இவர்கள் காதில் வாங்கப் போவதில்லை என்பதும் உறைத்தது.

தொகுப்பாளினிப் பெண் நம்பிராஜனிடம் மைக்கை நீட்டினாள். மனிதர் வெள்ளை வேட்டியும் சந்தனநிறச் சட்டையுமாகப் பழுத்துப்போயிருந்தார். பேச்சும் சலவை செய்திருந்தது.

“காதல் என்பது காத்திருப்பு. அங்கனா என்பது பழந்தமிழில் பெண்ணைக் குறிக்கும் சொல். என் துணைவியாரை நான் தனிமையில் அப்படித்தான் அழைப்பேன்.”

கைதட்டல். கேமரா சங்கரேஸ்வரியிடம் திரும்பியது. அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை. வெட்கப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டு கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது.

“இப்ப ஒரிஜினல் சிங்கர் எப்சிபா மேடம் ஒரு உண்மையச் சொல்லப் போறாங்க!” என்றாள் தொகுப்பாளினி.

எப்சிபா வீட்டில் வைத்து மூன்று விதமாகத் தயார் செய்திருந்தாள். கையில் மைக் வந்ததும் மூன்றும் போன இடம் தெரியவில்லை. ஓரத்தில் நின்று கத்தினால் எடுபடாது, அவர் முகத்துக்கு நேரே போய்க் கேட்டுவிடுவது என்று தோன்றியது. குறியை விட்டு இறங்கி மேடையின் நடுவை நோக்கி நடந்தாள். மெதுவாகத்தான் நடந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்த அதே பார்வை.

நம்பிராஜன் ஓரெட்டு பின்வாங்கினார். மைக் அவர் வாய்க்கு முன்னால்தான் இருந்தது.

“ஏட்டி, அங்கன நில்லு! அங்கன!”

கையும் சேர்ந்து நீண்டு அந்த ஓரத்துக் குறியைக் காட்டியது.

ஸ்பீக்கர்கள் அதை வாங்கி நாலு மூலைக்கும் கொடுத்தன. நடுவரிசையில் ஒரு குரல்: “அண்ணாச்சி, பாட்ட சரியாப் பாடிட்டேரே!” அவ்வளவுதான். சிரிப்பு ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பரவியது. விசில் பறந்தது. பழந்தமிழும் துணைவியாரும் அதில் அடித்துக்கொண்டு போயின. யாரும் யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பிறந்ததிலிருந்து சொல்லிவருகிற சொல் அது. மூன்று மாதமாக அதைக் கேட்டும் கேட்காமல் இருந்திருக்கிறார்கள்.

எப்சிபா விளம்பரக் குரலில், எழுத்தெழுத்தாகச் சொன்னாள்: “பொதுமக்களின் கவனத்திற்கு. பாட்டோட மொத அடி அதுதான். அண்ணாச்சியே பாடிக் காமிச்சிட்டாரு. அந்தப் பொண்ணு, அந்த ஆளத்தான் அங்கன நிக்கச் சொல்லுதா. அவங்க வீட்டுல சொல்லிட்டு வரச் சொல்லுதா. வேற ஒண்ணுமில்ல.”

‘அண்ணாச்சி’ என்று அவள் அவரை அழைத்தது அதுதான் முதல் தடவை. அது அவருக்குப் புரிந்தது.

“சந்தோசமா ஒனக்கு?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு மைக்கை மூடிக் கேட்டார்.

“சந்தோசத்துக்கா வந்தேன்?”

புவனேஷ் அப்பாவைப் பார்த்தபடி நின்றான். பாட்டுக்காரன் அல்லவா, அந்தக் கடைசி இரண்டு வரிகள் ஏன் அடிக்கப்பட்டன என்பது அவன் முகத்தில் மெல்ல மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. தொகுப்பாளினி “ஒரு சின்ன இடைவேளை!” என்று கத்தினாள். எப்சிபா மைக்கைத் தரையில், தன்னுடைய குறியின்மேலேயே வைத்துவிட்டு, பின்வாசல் வழியாக இறங்கினாள்.

*

வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. சிப்ஸ் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றாள். கொப்பரையில் நேந்திரங்காய் பொரிகிற சத்தம். ஈரக் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். சண்டையில் ஜெயித்திருக்கிறாள். வீட்டுக்குப் போய் எபனேசரிடம் சொல்லலாம். அவர் ‘அப்படியா’ என்பார்.

“நில்லுங்க.”

சங்கரேஸ்வரி. பட்டுச்சேலைக் கரையெல்லாம் சேறு. குடை இல்லை. நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்கோரம் இறங்கியிருந்தது.

எப்சிபா நிமிர்ந்தாள். வரட்டும், இதையும் பார்த்துவிடலாம். “வாங்க மதினி” என்றாள்.

“மதினி கிதினியெல்லாம் வேண்டாம். நான் ஒங்களுக்கு மதினி இல்ல, நீங்க எனக்கு நாத்தனாரும் இல்ல.”

“சரி. அங்கனா வாங்கன்னு சொல்லவா?”

அடி சரியான இடத்தில் விழுந்தது. சங்கரேஸ்வரி கண்ணை மூடித் திறந்தாள்.

“அவரு என்னைய ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்ல. பேட்டியில அவரு சொன்னப்பவே எனக்குத் தெரியும், பொய்யின்னு. ஊரு ஒலகமெல்லாம் பாக்குது, மகன் பேரு இருக்கு, போனாப் போவுதுன்னு பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு வந்து உக்காந்தேன். ஒங்க மேல கோவமா வந்தேன், தெரியுமா? எவளோ ஒருத்தி, எம் பிள்ள முன்னுக்கு வாரதப் பொறுக்காம வாரான்னுதான் நெனச்சேன். இப்பவும் கோவந்தான்.”

“கோவப்படுங்க. ஒங்க பாடு.”

“அவரு என்னைய ‘சங்கரீ’ம்பாரு. இல்லேன்னா ‘ஏம்மா’ம்பாரு. ஏட்டின்னு சொன்னதே கெடையாது. இருபத்தாறு வருசத்துல ஒரு நாளு, ஒரு சண்டையில, வாய் தவறிக்கூடச் சொன்னதில்ல. ஒங்களப் பாத்ததும் அது நாக்குல தானா வந்துட்டு.”

கடைக்காரர் சல்லடைக் கரண்டியைத் தட்டுவதை நிறுத்திவிட்டு இவர்களைப் பார்த்தார். பிறகு அவசரமாகக் கொப்பரைக்குத் திரும்பினார்.

“அதெல்லாம் முடிஞ்ச கத” என்றாள் எப்சிபா. குரல் அவள் நினைத்த அளவுக்குக் கடுமையாக வரவில்லை. “கல்யாணத்துக்கு முந்தி. ஒங்களுக்கும் அதுக்கும் சம்மந்தமில்ல.”

“இருக்கா இல்லையான்னு நான் பாத்துக்கிடுதேன்.” சங்கரேஸ்வரி தாழ்வாரத்துக்குள் ஏறி வந்தாள். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் இருந்தது. “எங்க நிச்சயதாம்பூலம் அந்த வருசம் வைகாசி பதினொண்ணு. ஆய்க்குடியில எங்க மாமா வீட்டுல வச்சு. நூறு பேரு சாப்பிட்டாவ. அவரு என் விரல்ல மோதிரம் போட்டாரு, நான் அவருக்குப் போட்டேன். பச்சக்கல்லு மோதிரம்.”

‘நிச்சயம்கூட வைக்கல எப்சி.’ கைக்குட்டையால் மூடிய முகம்.

எப்சிபா சுவரில் சாய்ந்துகொண்டாள். இருபத்தாறு வருசமாக அந்த மனிதரைக் கோழை என்ற இடத்தில் வைத்திருந்தாள். அதற்கும் கீழே ஓர் இடம் இருப்பது அவளுக்குத் தெரியாது. பாட்டைப் பதிந்தது ஆனி நாலு, அந்த வைகாசிக்குப் பிறகு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கீபோர்டில் ஓடிய விரல்கள். ‘உங்க வீட்டு வாசலுல உண்மையச் சொல்லு’ என்று அவள் பாடப் பாட, தாளம் தப்பாமல் கூடவே வாசித்துக்கொண்டு வந்த விரல்கள். அதில் மோதிரம் இருந்ததா? நினைவைத் துழாவினாள். கறுப்பும் வெள்ளையுமான கட்டைகள்தான் தெரிந்தன.

சங்கரேஸ்வரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை இல்லை. கணக்கு வாத்தியாரிடம் விடைத்தாளை வாங்க வந்து நிற்பவளின் முகம்.

“நீங்க எதுவும் வெளக்க வேண்டாம். யாரு யாரு எந்தக் கரையில நின்னிய, அதுவும் எனக்கு வேண்டாம். அந்தக் கேசட்டுல பாடுன தேதி ஒங்களுக்கு மறந்திருக்காது. அத மட்டும் சொல்லுங்க.”

தூறல் வலுத்துத் தகரத்தில் இறங்கியது.

“தேதி வேண்டாம். மாசத்தையாவது சொல்லுங்க.”